பால்வாடியில் வாசிப்பு மூலை: அலமாரி வாங்குமுன் வாசித்துக் காட்டுங்கள்

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் திருவான்மியூரைத் தாண்டினால் கொட்டிவாக்கம், அடுத்தது பாலவாக்கம். கடலோரத்தில் மீனவர் குப்பம்; சாலையை ஒட்டித் தனி வீடுகளும் அடுக்ககங்களும். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த இந்த ஊரில் மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் போகும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று அரசின் அங்கன்வாடி. பேச்சில் அது இன்னும் பால்வாடிதான். இன்னொன்று தனியார் பிளே ஸ்கூல். இந்த இரண்டு வகை வகுப்பறைகளிலும் வாசிப்பு மூலை அமைப்பதைப் பற்றியது இந்தப் பதிவு. இந்தப் பேச்சை எடுத்தாலே அலமாரிக்கு என்ன நிறம், சுவரில் என்ன ஓவியம், எத்தனை குஷன் என்று போய்விடுகிறது. அவற்றையெல்லாம் பிறகு பார்க்கலாம். என் வாதம் இது: வாசிப்பு மூலை தமிழ்க் குழந்தைக்கு வேறு பல மொழிக் குழந்தைகளைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதற்கான காரணம் நம் மொழி இருக்கும் விதத்திலேயே இருக்கிறது. அந்தக் காரணம் பிடிபட்டுவிட்டால், மூலையில் எதை எங்கே வைப்பது, யார் என்ன செய்வது என்பதற்கெல்லாம் விடை கிடைத்துவிடும்.

“அம்மா கடைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க” என்று கேட்டு வளரும் குழந்தை, பாடப்புத்தகத்தில் “அம்மா கடைக்குச் சென்றிருக்கிறார், வந்துவிடுவார்” என்பதைச் சந்திக்கிறது. நமக்கு இரண்டும் ஒன்றுதான். குழந்தைக்கு அப்படியில்லை. வினைமுற்று மாறுகிறது, சொல்லே மாறுகிறது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்த பிறகும், படித்த சொல் காதில் ஏற்கெனவே கேட்ட சொல்லாக இருப்பதில்லை. அதனால், படித்தது சரிதானா என்று குழந்தையால் தானே உறுதி செய்துகொள்ள முடிவதில்லை. இதோடு எழுத்தின் சுமையும் சேர்கிறது. ஆங்கிலக் குழந்தைக்கு 26 எழுத்து, நமக்கு 247 என்று சொல்லிப் பயமுறுத்துவது நியாயமில்லை. உயிர்மெய் ஒரு ஒழுங்கில் அமைந்தது, ஒழுங்கு பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனாலும் நேரம் எடுக்கத்தான் செய்கிறது. பக்கத்து மொழியான கன்னடத்தில் குழந்தைகள் எழுத்துகளைக் கற்கும் வேகத்தை ஆராய்ந்த சோனாலி நாக், ஆங்கில எழுத்துகளைப் போல ஓரிரு ஆண்டுகளில் இது முடிவதில்லை, தொடக்கப்பள்ளி வகுப்புகள் பலவற்றுக்கும் நீள்கிறது என்று 2007-இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். ஆக, தமிழில் வாசிக்கக் கற்கும் குழந்தை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: எழுத்தைப் பழகுகிறது, அந்த எழுத்தில் இருக்கும் தமிழையும் பழகுகிறது. நம் நர்சரி வகுப்புகளோ முதல் வேலையிலேயே முழு நேரத்தையும் செலவழிக்கின்றன. ‘அ’வை நூறு முறை எழுதவைக்கிறோம். அந்த ‘அ’ வரும் வாக்கியம் எப்படி ஒலிக்கும் என்பதைக் குழந்தையின் காதுக்குக் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

இந்த இரண்டாவது வேலையை எழுத்து தெரிவதற்கு முன்பே தொடங்க முடியுமா? முடியும் என்பதற்கு நம்மைப் போலவே பேச்சும் எழுத்தும் விலகி நிற்கும் இன்னொரு மொழியிலிருந்து சான்று இருக்கிறது. வீட்டில் பேசும் அரபு வேறு, புத்தக அரபு வேறு. இஸ்ரேலில் அரபு பேசும் குழந்தைகள் படிக்கும் மழலையர் பள்ளிகளில் டினா ஃபைடல்சனும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 1993-இல் வெளியானது. அங்கிருந்த ஆசிரியர்கள் அதுவரை செய்ததைத்தான் நம் டீச்சர்களும் செய்கிறார்கள். புத்தக மொழி குழந்தைக்குப் புரியாது என்று எண்ணி, கதையைத் தங்கள் பேச்சு வழக்கில் சொல்லிவந்தார்கள். ஆய்வுக்காகச் சில வகுப்புகளில் நாள்தோறும் கால் மணி நேரம் போல, சில மாதங்களுக்கு, புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே வாசித்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் புத்தக மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வதிலும், படங்களைப் பார்த்துத் தாங்களே கதை சொல்வதிலும் மற்ற வகுப்புக் குழந்தைகளைவிட நன்றாக முன்னேறியிருந்தார்கள். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. புத்தகமும், அதை வாசிக்க ஒரு பெரியவரும் போதுமாக இருந்தது.

அரபுக்கு நடந்தது தமிழுக்கு நடக்குமா, பால்வாடிக் குழந்தைக்கு எழுத்துத் தமிழ் எட்டுமா என்று நீங்கள் கேட்கலாம். தமிழில் டப்பிங் செய்த கார்ட்டூன் பார்த்து வளர்ந்த குழந்தைகளைக் கவனியுங்கள். 2007-இல் சுட்டி டிவி வந்த பிறகு, விளையாட்டில் “என்னைக் காப்பாற்றுங்கள்”, “நீ எங்கே செல்கிறாய்” என்று பேசும் பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. யாரும் அவர்களுக்கு இலக்கணம் சொல்லித்தரவில்லை. காதில் விழுந்தது, பிடித்திருந்தது, வாயில் வந்துவிட்டது. அதற்கும் முன்னால் போனால் திண்ணைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் காது வழியே ஏறிய பிறகோ, ஏறிக்கொண்டிருக்கும்போதோதான் மணலில் எழுத்து வந்தது. அந்த முறையில் பொருள் தெரியாத மனப்பாடமும் பிரம்படியும் இருந்தன. அவை திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். காதுக்குப் பழகிய தமிழே கண்ணுக்கு எளிதாகிறது என்ற ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் சரியாகக் கண்டிருந்தார்கள். வாசித்துக் காட்டுவது அதையே அடியில்லாமல், பொருளோடு, படத்தோடு செய்கிறது.

வாசித்துக் காட்டினால் போதுமென்றால் மூலை எதற்கு? ஒருமுறை கேட்ட கதையோடு விஷயம் முடிவதில்லை என்பதால்தான். கேட்டு முடித்த குழந்தைக்கு அந்தப் புத்தகத்தையே மறுபடி எடுக்க வேண்டும், தன் இஷ்டத்துக்குப் புரட்ட வேண்டும், பிடித்த பக்கத்தில் நிற்க வேண்டும். “படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்?” என்று கேட்பவர்களுக்கு எலிசபெத் சல்ஸ்பியின் 1985 ஆய்வு நல்ல பதில். பலமுறை வாசித்துக் கேட்ட புத்தகத்தைச் சின்னக் குழந்தைகள் கையில் எடுத்து ‘படிக்கும்போது’ என்ன நடக்கிறது என்று அவர் கவனித்தார். முதலில் படத்தைக் காட்டிப் பெயர் சொல்கிறார்கள். பிறகு படங்களைக் கோர்த்துப் பேச்சு வழக்கில் கதை சொல்கிறார்கள். அதன்பின் குரலே மாறுகிறது. புத்தகத்தின் வாக்கியங்களும் தொனியும் அவர்கள் வாயில் வருகின்றன. கடைசியில்தான் பார்வை படத்திலிருந்து எழுத்துக்கு நகர்கிறது. பாசாங்கு என்று நாம் சிரித்துவிட்டுப் போவதில் இத்தனை படிகள் இருக்கின்றன. நியூசிலாந்து ஆய்வாளர் மேரி க்ளே சொன்னதும் இதோடு சேர்ந்ததே. புத்தகத்துக்கு முன்பின் உண்டு, வரி இடமிருந்து வலம் போகிறது, கதை சொல்வது எழுத்து, படம் துணைக்கு நிற்கிறது என்பதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரிந்தே பிறந்ததுபோலத் தோன்றும் விஷயங்கள். அவற்றைக் குழந்தை புத்தகத்தைக் கையாண்டுதான் கற்கிறது. சுவரில் ஒட்டிய சார்ட்டில் இதைக் கற்க முடியாது, ஏனென்றால் சார்ட்டைப் புரட்ட முடியாது.

இங்கேதான் பீரோ குறுக்கே வருகிறது. பல இடங்களில் புத்தகங்கள் இருக்கின்றன. பூட்டிய பீரோவில் இருக்கின்றன. “கிழித்துவிடுவார்கள், ஸ்டாக் ரிஜிஸ்டரில் கணக்குக் காட்ட வேண்டும், ஆடிட் வந்தால் நான்தான் பதில் சொல்லணும்” என்று டீச்சர் சொன்னால் அந்தப் பயம் உண்மையானது. சம்பளத்திலிருந்து பிடித்தால் யார் தாங்குவது? ஆகவே திருத்தம் டீச்சரிடமிருந்து தொடங்க முடியாது. மேலே இருப்பவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். குழந்தைகள் கையாளும் படப்புத்தகத்தைச் சோப்பு, சாக்பீஸ் போலத் தேய்ந்து தீரும் பொருளாகக் கணக்கில் எழுத வேண்டும். நிரந்தரச் சொத்தாக எழுதினால் அது பீரோவுக்குள்தான் போகும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் இதே சென்னையில் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதியாகவே வைத்தது, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு என்பதை. நூலக உலகமே ஏற்ற அந்த விதி, அது பிறந்த ஊரின் பால்வாடிகளுக்குப் பொருந்தாமல் போகக் கூடாது. கிழிவது நடக்கும். மூன்று வயதுக் குழந்தைக்குப் பக்கத்தின் மேல் ஓரத்தைப் பிடித்து மெதுவாகப் புரட்டுவதை நாள்தோறும் செய்து காட்டினால் கிழிவது குறையும். கிழிந்ததைப் போட ஒரு பெட்டி, வாரம் ஒருநாள் குழந்தைகள் பக்கத்திலிருக்க அதை ஒட்டும் வேலை, இவை இருந்தால் புத்தகத்தைப் பேணுவதும் பாடமாகிவிடும்.

பாலவாக்கம் போன்ற கடலோர ஊரில் கிழிவதைவிடப் பெரிய எதிரி உப்புக்காற்று. மெல்லிய படப்புத்தகங்கள் பலவும் நடுவில் பின் அடித்தவை. அந்தப் பின் துருப்பிடித்து, தாளை அரித்து, நடுப்பக்கம் தனியே வந்துவிடும். வாங்கியவுடனே பின்னைப் பிடுங்கிவிட்டு, கெட்டி நூலால் மூன்று தையல் போட்டால் ஆயுள் பல மடங்கு கூடும். இரும்பு ஸ்டாண்டும் இரும்பு கிளிப்பும் வேண்டாம். மரம், பிளாஸ்டிக், துணி போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கோக்கும் வெளிச்சுவரை ஒட்டி எதையும் வைக்காதீர்கள். காற்றே படாமல் அடைத்து வைத்த புத்தகத்தில்தான் பூஞ்சையும் ராமபாணமும் பிடிக்கின்றன. அந்தக் கணக்கில் பார்த்தாலும் பூட்டிய பீரோவைவிடத் திறந்த தட்டு நல்லது.

குழந்தையின் கைக்கு எட்டும்படி பொருளை வைப்பது நமக்கு வெளியிலிருந்து இப்போது வந்த யோசனை இல்லை. பாலவாக்கத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் 1939-இல் மரியா மாண்டிசோரியே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரில் இத்தாலி இறங்கியதும், இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கினார். தாழ்ந்த அலமாரி, சின்ன நாற்காலி, குழந்தை தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கும் ஒழுங்கு என அவர் வற்புறுத்தியவற்றை நம் ஊர் ஆசிரியர்கள் அப்போதே கற்றார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் முயற்சியால் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலும் இதைச் செய்தது. தரையில் பாய், குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை, தானே எடுத்துக்கொள்ளும் அட்டைகள், தலைக்கு மேல் பிள்ளைகளின் படைப்புகள் தொங்கும் கம்பிப்பந்தல். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பறைக்குள்ளேயே வாசிப்புக் களம், கதைக் களம் என்று இடங்கள் வகுத்தார்கள். இந்த இரண்டு திட்டங்களும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்கின. அதற்குக் கீழே, மூன்று வயதில், இதைத் தொடங்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாண்டிசோரியோடு ஒத்துப்போகவில்லை. ஆறு வயதுக்குக் கீழே கற்பனைக் கதை வேண்டாம் என்ற தயக்கம் அவருக்கு உண்டு. அவருடைய முறையை விரும்பி ஏற்ற குஜராத் கல்வியாளர் கிஜுபாய் பதேகா, ‘பகல் கனவு’ என்று தமிழிலும் வந்த தன் புத்தகத்தில், கதையை வைத்தே வகுப்பைத் தொடங்குகிறார். நம் பிள்ளைகளுக்குக் கிஜுபாய் வழிதான் பொருந்தும். புத்தகத் தமிழைக் கேட்கவைக்கக் கதையைவிட நல்ல காரணம் ஒரு குழந்தைக்குக் கிடையாது.

மூலை அமைப்பதற்கு வருவோம். பால்வாடி ஒரே அறை. அதிலேயே சத்துமாவுப் பாக்கெட், எடை மெஷின், சாப்பாட்டுத் தட்டுகள். இடமில்லை என்று சொன்னால் நம்புகிறேன். ஆனால் தேவைப்படுவது இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் ஒரு கோரைப்பாய் விரிக்கும் அளவு மட்டுமே. நாலைந்து குழந்தைகள் உட்கார்ந்தால் போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கக் கூடாது. வாசலுக்கும் சமையல் பக்கத்துக்கும் எதிர்மூலையாக, பகல் வெளிச்சம் விழும் இடமாகப் பாருங்கள். ஒரு பக்கம் மறைப்பு இருந்தால் நல்லது, ஆனால் டீச்சர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். புத்தகங்களை முதுகு தெரியும்படி அடுக்காதீர்கள். படிக்கத் தெரியாத குழந்தை அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் தேடும். பழைய புடவையில் பைகள் தைத்துச் சுவரில் மாட்டலாம். கயிறு கட்டி அதில் விரித்துத் தொங்கவிடலாம். மழைநீர் இறங்கும் பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, சுவரில் பொருத்தினால் நல்ல தட்டு. எதுவானாலும் மேல் வரிசை குழந்தையின் கண் மட்டத்தைத் தாண்டக் கூடாது. உட்காரவைத்து அளந்து பாருங்கள், நின்றபடி நாம் போடும் கணக்கு பெரும்பாலும் உயரமாகிவிடும். இருபது, இருபத்தைந்து புத்தகம் வெளியே இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிலவற்றை மாற்றுங்கள். பிள்ளைகள் ஓயாமல் கேட்கும் புத்தகத்தை மட்டும் எடுக்காதீர்கள். இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் பலன் உண்டா? லெஸ்லி மாரோ, கேரல் வைன்ஸ்டைன் இருவரும் 1982-இல் அமெரிக்க மழலையர் வகுப்புகளில் பார்த்தது இது: விளையாட்டு நேரத்தில் புத்தகத்தைத் தொடுபவர்கள் மிகக் குறைவாக இருந்தார்கள். மூலையை ஒழுங்காக அமைத்த பிறகும், ஆசிரியர் நாள்தோறும் புத்தகம் சார்ந்த வேலைகளைச் செய்த பிறகும் அந்த எண்ணிக்கை நன்றாக உயர்ந்தது. அதாவது இடமும் முக்கியம், ஆசிரியரும் முக்கியம்.

எந்தப் புத்தகங்கள்? இந்த விஷயத்தில் தென்சென்னைக்காரர்களுக்குக் குறை சொல்ல வாயே இல்லை. திருவான்மியூரில் தாரா புக்ஸ் இருக்கிறது. 1996-இல் தொடங்கிய தூலிகாவும் சென்னைப் பதிப்பகம்தான். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் இருமொழிப் புத்தகங்கள் அவர்களிடம் கிடைக்கும். ஆங்கிலம் மட்டுமே வேண்டும் என்று அடம்பிடிக்கும் பெற்றோருக்கும் அவை ஒரு வழி. நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் குழந்தை நூல்கள், பிரதம் புக்ஸ் எல்லாம் குறைந்த விலை. பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ள உரிமமே தருகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய படம், திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம், இவை இருந்தால் எடுக்கலாம். நீதி சொல்லியே தீரும் புத்தகங்களைக் கொஞ்சம் குறையுங்கள். இவற்றோடு பிள்ளைகளின் புத்தகங்களும் இருக்கவேண்டும். குப்பத்துக் குழந்தை வலையையும் படகையும் வரைந்து, “எங்கப்பா விடிகாலைல கடலுக்குப் போனாரு” என்று சொன்னால், சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே கீழே எழுதித் தைத்து மற்றவற்றோடு தொங்கவிடுங்கள். தன் பேச்சு எழுத்தாவதைப் பார்க்கும் குழந்தைக்கு, எழுத்து பேச்சாவதும் புரியும். பேச்சுத் தமிழைத் தாழ்த்தி எழுத்துத் தமிழைக் கொடுப்பது என் நோக்கமில்லை. இரண்டும் அந்தப் பாயில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.

கடைசியாக நேரம். அங்கன்வாடிப் பணியாளருக்கு ஏற்கெனவே எடை பார்ப்பது, பதிவேடு, வீட்டுப் பார்வை என்று தலைக்கு மேல் வேலை. இதில் வாசிப்பும் சேர்ந்தால் தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் முன்பருவக் கல்வி அங்கன்வாடியில் பிறகு ஏற்றிவைத்த சுமையன்று. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் தந்த அறிக்கையின் வழியே, 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே உணவும் தடுப்பூசியும் கல்வியும் ஒன்றாகத்தான் வந்தன. சுமை குறைய வேண்டுமானால் பதிவேடுகள் குறையட்டும். வாசிப்புக்குத் தேவை பத்துப் பதினைந்து நிமிடம், அதுவும் பிள்ளைகள் அமைதியாக இருக்கும் பதினைந்து நிமிடம். பிளே ஸ்கூல் நடத்துபவர்களுக்கு வேறு நெருக்கடி. “எழுதவே வைக்க மாட்டேங்கறீங்களே” என்று பெற்றோர் கேட்பார்கள். பென்சில் பிடிக்க விரல் முற்றாத மூன்று வயதில் நோட்டு நிரப்புவதால் வாசிப்பு வந்துவிடாது என்பதைச் சொல்லும் துணிவு பள்ளிக்கு வேண்டும். போன் வீடியோ கதை சொல்லாதா என்று கேட்டால், சொல்லும். ஆனால் அது குழந்தை நிறுத்திய இடத்தில் நிற்காது, “ஏன் அழுவுது?” என்று கேட்டால் பதில் சொல்லாது. ஃபிலடெல்ஃபியா வட்டாரக் காப்பகங்களில் சூசன் நியூமன் 1999-இல் ஆராய்ந்த திட்டத்தில் குழந்தைக்கு ஐந்து வீதம் புத்தகம் கொடுத்தார்கள். கூடவே பராமரிப்பாளர்களுக்குப் பத்து மணி நேரப் பயிற்சியும் கொடுத்தார்கள். புத்தகம் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை டீச்சருக்கும் ஆயாவுக்கும் வாசித்துக் காட்டப் பழக்குவதற்கு ஒதுக்குங்கள். ஆயாவை விட்டுவிடாதீர்கள், பல பால்வாடிகளில் நல்ல கதைசொல்லி அவர்தான்.

பாலவாக்கத்திலும் சுற்றுப்புறத்திலும் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பக்கத்துப் பால்வாடிக்குச் சாக்லேட் கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அடுத்தமுறை தமிழ்ப் படப்புத்தகம் இரண்டு கொண்டுபோங்கள். பின்னை எடுத்து நூலில் தைத்துக் கொண்டுபோங்கள். பரிசுத்தாள் சுற்ற வேண்டாம். டீச்சர் அனுமதித்தால் பாயில் உட்கார்ந்து, புத்தகத்தில் உள்ள தமிழை உள்ளபடியே ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, பிள்ளைகள் எடுக்கக்கூடிய உயரத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.